இடது பக்கத் தூணை உரசாமல் போன வண்டி

நியூபோர்ட்,
ஆகஸ்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போகாமல்.

பெருமதிப்புக்குரிய அக்கா ஹெஸ்டர் அவர்களின் சமூகத்துக்குத் தம்பி ஆஷ்பெல் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், லவீனியா, குதிரைகள், நாய் செனட்டர் எல்லோரும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் குதிரைகளும் நாயும் மட்டும் சௌக்கியம். பிலடெல்பியாவில் உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது, மாடிப்படிக்குப் போட்ட புதுக் கைப்பிடி உறுதியாக இருக்கிறதா, அதைப் போட்ட தச்சன் நம்பகமானவன்தானா என்று விசாரித்து எழுதவும். கையெழுத்து நடுங்கியிருந்தால் வயசு என்று முடிவு கட்டிவிடாதே. கோபம்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வீட்டில் எனக்கு எதிராகச் சதி நடந்தது, நடந்து முடிந்தும் விட்டது. சேர்ந்து செய்தவர்கள் என் மனைவி, என் குதிரைக்காரன், பக்கத்து மாளிகைச் சோப்புக்காரன் ட்ரூஸ்டேல். இன்னும் யார் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நீ இதில் இல்லை என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனி.

முதலில் எனக்குப் பொறி தட்டியது ஆரஞ்சு ஜாமில். கல்யாணமான நாளிலிருந்து லவீனியா ஜாம் பாட்டிலைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்வாள், நான் கேட்டால்தான் நகர்த்துவாள், அதுவும் ‘சர்க்கரை ஏறினா என்னைக் கேக்காதீங்க’ என்ற அர்ச்சனையோடு. இந்தக் கோடை பிறந்ததிலிருந்து கேட்காமலே பாட்டில் என் முன்னால் வந்து உட்கார்கிறது. ‘என்ன விசேஷம்?’ என்று கேட்டேன். ‘ஒண்ணுமில்லையே, சாப்பிடுங்க’ என்றாள். ஒண்ணுமில்லையாம்! ஒன்றுமில்லாமல் ஒரு மனைவி ஜாம் பாட்டிலை நகர்த்துவாளா? வேண்டுமென்றே ரொட்டியில் ஒரு விரல் உயரத்துக்குத் தடவிப் பார்த்தேன். அதற்கும் திட்டவில்லை. சிரித்தாள் அக்கா, என்னைப் பார்த்துச் சிரித்தாள்! அன்று முதல் நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

அடுத்தது ஏப்ரன். நம் நாலு குதிரைக் கோச்சு வண்டியை ஓட்டும்போது இடுப்பைச் சுற்றி முழங்கால் வரைக்கும் கட்டிக்கொள்கிற அந்தப் பழுப்பு ஏப்ரன், வண்டிக் கொட்டகையில் கொக்கியில் மாட்டியிருக்குமே, அதை எடுத்துச் சுற்றினால் பாதி இடுப்புக்குத்தான் வருகிறது. யாரோ பிடித்துத் தைத்திருக்கிறார்கள். குதிரைக்காரன் ஃபின்டனைக் கூப்பிட்டேன்.

“என்னடா இது, ஏப்ரன் சுருங்கியிருக்கு?”

“துவைச்சதுல சுருங்கியிருக்கும் ஐயா.”

“துவைச்சா பொத்தானும் இடம் மாறுமா?”

“கடற்காத்துங்க ஐயா. இந்த ஊர்ல எது ஒரு இடத்துல நிக்குது?”

இத்தனை வருஷம் என் உப்பைத் தின்றவன், என் முகத்துக்கு நேராக நின்று கடற்காற்றின் மேல் பழி போடுகிறான். அதே கொக்கியில் ஒரு ஜோடி பழுப்புத் தோல் கையுறை, புத்தம் புதுசு. போட்டுப் பார்த்தேன், விரல் பாதியிலேயே நின்றுவிட்டது. உள்ளே ஏதோ பிலடெல்பியாக் கடையின் முத்திரை. சின்ன இடுப்பு, சின்னக் கை. உட்கார்ந்து யோசித்தேன். நம் தெருவில் சின்ன இடுப்பும் சின்னக் கையும் உள்ளவன் யார்? ட்ரூஸ்டேல்தான். அவன் பரம்பரைக்கே சின்னக் கை அக்கா, சோப்புச் சுற்றிச் சுற்றித் தேய்ந்துபோன கை. கையுறை பிலடெல்பியாவுக்கு ஏன் போய் வந்தது என்பது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நம் வண்டிமேல் அவனுக்கு எப்போதும் ஒரு கண் என்பது உனக்குத் தெரியாததல்ல. அவனிடமும் நாலு குதிரைக் கோச்சு இருக்கிறது, ஏலத்தில் எடுத்தது. நம்முடையது தாத்தாவின் அப்பா தனக்கென்று சொல்லிச் செய்தது, கருநீல உடம்பும் மஞ்சள் சக்கரமுமாக. வருஷா வருஷம் இந்த ஊரில் நடக்கிற வண்டி விழா ஊர்வலத்தில் அது புறப்பட்ட பிறகுதான் மற்ற வண்டிகள் நகரும். அதை ஓட்டுகிறவன் கையில் நம் குடும்பத்துச் சாட்டை இருக்கும். அப்பா அந்தச் சாட்டையை எனக்குக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? சாப்பாட்டு மேஜையில், சிப்பி சூப்புக்கு மேலாக நீட்டி, ‘இந்தா, இனிமே உன் பாடு’ என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அதை யாரும் கேட்டு வாங்க முடியாது, வைத்திருப்பவன் தானாக நீட்டினால்தான் உண்டு. நான் யாருக்கும் நீட்டவில்லை, நீட்டுகிற உத்தேசமும் இல்லை. ஆனால் கண் டாக்டர் ‘பக்கவாட்டுல பார்வை கொஞ்சம் மங்கல்’ என்று சொல்லிவைத்த நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் நான் தேநீர்க் கோப்பையை எங்கே வைக்கிறேன் என்று பார்க்கிறார்கள். அந்த டாக்டர் யார் வீட்டுச் சோப்பில் கை கழுவுகிறான் என்றும் விசாரிக்க வேண்டும்.

பிறகு ஒரு நாள் தோட்டத்தில் பேச்சுக் குரல் கேட்டது. நீலப் பூப்புதருக்குப் பின்னால் குனிந்து நின்றேன். நம் ரென்ஷா குடும்பத்து மனுஷன் தன் வீட்டுப் புதருக்குப் பின்னாலேயே ஒளிய வேண்டிய நிலைமை!

“சனிக்கிழமை வரைக்கும் அவருக்குத் தெரியக் கூடாது” என்கிறாள் லவீனியா.

“யாருக்கு, ஆஷ்பெல்லுக்கா? அவன் மூக்குக்கு முன்னால வண்டி நின்னாலும் தெரியாது. நீங்க கவலையை விடுங்க” என்கிறான் சோப்பு.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், ஒரு வண்டு உள்ளே போய்விட்டது. நான் இருமி முடிப்பதற்குள் இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள். சனிக்கிழமைதான் வண்டி விழா. ஆக, என்னை ஏதோ சாக்குச் சொல்லி வீட்டில் உட்கார்த்திவைத்துவிட்டு, நம் வண்டியை ட்ரூஸ்டேல் ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. எனக்கு வயிறு எரிந்தது, வண்டினாலும்தான்.

இதையெல்லாம் உறுதி செய்தது தூண். நம் வாசலின் இடது பக்கத் தூண்! தாத்தா அதில் உரசினார், அப்பா உரசினார், நான் போகும்போது ஒன்றும் வரும்போது ஒன்றுமாக உரசிவருகிறேன். அது வருஷா வருஷம் உள்பக்கமாக நகர்கிறது என்பது என் சந்தேகம். கொத்தனாரிடம் சொன்னால் சிரிக்கிறான், அவனையும் குறித்துவைத்திருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை காலையில் பார்க்கிறேன், சரளைக்கல் பாதையில் நம் வண்டியின் சக்கரத் தடம், போனதும் வந்ததும். தூணில் புதுசாக ஒரு கீறல் இல்லை. ஒரு துளி மஞ்சள் பெயிண்ட் இல்லை. மண்டியிட்டுத் தடவிப் பார்த்தேன், பால்காரன் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி ஜெபம் செய்யத் தொடங்கிவிட்டான். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஓட்டினது நம் ரத்தமே இல்லை. நம் வீட்டில் பிறந்த ஒருவர் அந்தத் தூணை உரசாமல் வெளியே போனதாகச் சரித்திரம் உண்டா, நீயே சொல்.

பிலிப்பாவிடம் சொல்லி மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்றால், என் பெண் வாரா வாரம் பாஸ்டனிலிருந்து வருகிறாளே தவிர ஒரு நிமிஷம் உட்காருவதில்லை. கடலில் குளிக்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுகிறாள். திரும்பும்போது தலையில் ஈரம் இல்லை, வைக்கோல் இருக்கிறது. கடற்கரையில் வைக்கோல் ஏதம்மா என்றேன். ‘காத்துல பறந்து வருதுப்பா’ என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். பெற்ற பெண்ணையும் சந்தேகப்பட்டால் மனுஷன் எப்படித்தான் வாழ்வது?

கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்தேன். சனிக்கிழமை காலையில் ‘முட்டி வலி உயிர் போகிறது, நான் விழாவுக்கு வரவில்லை, யாரும் எழுப்பக் கூடாது’ என்று அறிவித்தேன். ‘ஐயையோ, இன்னிக்கா?’ என்றாள் லவீனியா. அந்த ‘இன்னிக்கா’வைக் கவனி. எல்லோரும் உடுத்திக்கொள்ளப் போன நேரத்தில் நான் பின்படி வழியாக இறங்கி, செனட்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வண்டிக் கொட்டகைக்குப் போனேன். எங்கே ஒளிவது? வண்டிக்கு உள்ளேதான்! நம்மவர்கள் எவராவது கோச்சின் கதவைத் திறந்து உள்ளே பார்த்ததுண்டா? சின்ன வயதில் நீயும் நானும் கூரைமேல் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்போம், உள்ளே சாப்பாட்டுக் கூடைகள் சொகுசாக வரும். கேட்டால் அம்மா, ‘உள்ள உக்கார்றவங்க டிக்கெட் வாங்கினவங்க, கூரைமேல உக்கார்றவங்கதான் சொந்தக்காரங்க’ என்பாள். ஆகையால் உள்ளே ஏறி, திரையை இழுத்துவிட்டு, கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். அந்த மெத்தையைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும் அக்கா. மூன்று தலைமுறையாக ஒருவரும் உட்காராத மெத்தை. துரோகிகளுக்குக் காத்திருக்கிற கடமையை மறந்து தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மேலே கூரையில் செருப்புச் சத்தம், பேச்சு, சிரிப்பு, பின்னால் ஃபின்டன் ஊதுகிற பித்தளைக் கொம்பு. ட்ரூஸ்டேலின் குரலும் தெளிவாகக் கேட்டது. பிடித்துவிட்டேன்! கதவைத் திறந்து கத்தலாம் என்று கைப்பிடியில் கை வைத்தேன், அப்போதுதான் உறைத்தது. வாசலைத் தாண்டினால் தெருவின் இரண்டு பக்கமும் ஜனம் நிற்கும். ஊர்வலத்தின் முதல் வண்டியில், சாப்பாட்டுக் கூடை வைக்கிற இடத்திலிருந்து ஆஷ்பெல் ரென்ஷாவின் தலை நீண்டால் நம் குடும்பத்தின் கதி? வாயை மூடிக்கொண்டேன். வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றதால் கூடையைத் திறந்து ஒரு கோழிக்கால் எடுத்தேன். அது சோப்புக்காரனுக்கு வைத்த கோழிக்கால் என்ற எண்ணத்தில்தான் எடுத்தேன்.

வாசல் நெருங்குவது சரளைக்கல் சத்தத்திலேயே தெரிந்தது. வலது கையால் தோல்வாரைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் நாயைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடினேன். நாயும் மூடிக்கொண்டது, அதற்கும் பழக்கம். இதோ வருகிறது, இதோ, இதோ என்று பல்லைக் கடித்தேன். ஒன்றும் வரவில்லை. திரையை விலக்கிப் பார்த்தால் வண்டி தெருவில் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு ஏதோ ஒரு படி இறங்க மறந்துவிட்டது மாதிரி இருந்தது.

சர்ச் திருப்பத்தில் ஒரு சுற்றுலா பஸ் அலறியது. முன்குதிரை டச்சஸ் மிரண்டாள். அவளை உனக்குத் தெரியுமே, அவள் மிரண்டால் மற்ற மூன்றும் மிரளும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, மேலே பெண்கள் கூச்சல் போட்டார்கள், நான் கடவுளை நினைத்தேன். அப்போது ஓட்டுகிற இடத்திலிருந்து ஒரு குரல், கொஞ்சமும் பதறாமல்:

“அடியே டச்சஸ், என்னடி உனக்கு இன்னிக்கு? பஸ்ஸை நீ பார்த்ததே இல்லையா? நேரா போடி, கழுதை.”

குதிரையைக் கழுதை என்று திட்டுவது நம் வீட்டில் மட்டும்தான் அக்கா. அது பிலிப்பா. டச்சஸ் நேராகப் போனாள். என் கையிலிருந்த கோழிக்கால் நாயிடம் போய்விட்டது, அது எப்போது போனது என்றே தெரியவில்லை. சின்ன இடுப்பு, சின்னக் கை, தலையில் வைக்கோல். எல்லாம் என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது, நான் மட்டும் சோப்பையே முகர்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

“நல்லா சமாளிச்சேம்மா” என்றது மேலே ட்ரூஸ்டேலின் குரல். “உங்கப்பன் இதைப் பார்த்திருக்கணும்.”

“பார்த்தா முதல்ல, லகான் பிடிச்ச கையைக் கீழ வைன்னு கத்துவார் அங்கிள்.”

“அப்புறம்?”

“அப்புறம் தெரியல. அதான் பயமா இருக்கு.”

“இன்னிக்கு வண்டியை வாசப்படில கொண்டுவந்து நிறுத்தி அவர்கிட்ட கேக்கலாம்னுதானே இருந்தோம்” என்றாள் லவீனியா. “இந்தப் பாழாப்போன முட்டி வலி எங்கேர்ந்து வந்துச்சோ! நம்ம வண்டி போகலேன்னா மத்தது எதுவும் நகராது. வேற என்ன பண்றது?”

“எனக்குத் திருடிட்டுப் போற மாதிரி இருக்கும்மா. கையில இருக்கிற சாட்டைகூட அங்கிளோடது. சாயங்காலம் நானே அப்பா ரூமுக்குப் போய்ச் சொல்லிடறேன். அவரா கொடுத்தா வாங்கிக்கறேன். கொடுக்கலேன்னா பின்னாடி உக்காந்து கொம்பு ஊதறேன். நாம பிடுங்கிட்டோம்னு மட்டும் அவர் நினைச்சிடக் கூடாது.”

கூடையிலிருந்து இன்னொரு கோழிக்கால் எடுத்தேன். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். ஊர்வலம் முழுக்க நான் திரையை விலக்கவே இல்லை.

விருந்து நடக்கிற புல்வெளியில் வண்டி நின்றது. கூடையை எடுக்க ஒரு பணியாள் வந்து கதவைத் திறந்தான், சாய்ந்திருந்த நான் நாயோடும் அரைத் தட்டு வெள்ளரிச் சாண்ட்விச்சோடும் அவன் காலடியில் போய் விழுந்தேன். கூரைமேலிருந்த எல்லாத் தொப்பிகளும் ஒரே நேரத்தில் கீழே எட்டிப் பார்த்தன.

“ஆஷ்பெல்! உள்ள என்னய்யா பண்றே?” என்றான் ட்ரூஸ்டேல்.

“அச்சுல சத்தம் வருதான்னு சோதிச்சிட்டிருக்கேன்” என்றேன்.

“வருதா?”

“உன் சத்தம்தான் வருது.”

லவீனியா வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிலிப்பா முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். நாலு குதிரையின் லகானும் கையில் இருக்கும்போது இறங்கி ஓடிவர முடியாதே, அதனால் அங்கேயே உட்கார்ந்து ‘அப்பா’ என்று மட்டும் சொன்னாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சொல்ல எவ்வளவோ இருந்தது, ‘கையைக் கொஞ்சம் கீழ வை’ என்று மட்டும்தான் வாயில் வந்தது. சொல்லிவிட்டு, கோட்டில் ஒட்டின வெள்ளரித் துண்டைத் தட்டிவிட்டு, ஒரு டாக்ஸியைக் கூப்பிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். டாக்ஸிக்காரன் நம் வாசலில் இடது பக்கத் தூணை உரசினான். நல்ல மனுஷன்.

சாயங்காலம் அவள் வந்து கதவைத் தட்டினாள். தூங்குகிற மாதிரி இருந்துவிட்டேன். இன்று காலையும் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றாள், கால் நிழல் தெரிந்தது. சாட்டை என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நான் உயிரோடிருக்கும் வரைக்கும் அது அங்கேதான் இருக்கும். பெண் பிள்ளை ஓட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நம் அத்தை ஓட்டியிருக்கிறாள், அவளும் தூணை உரசித்தான் ஓட்டினாள். என் ஆட்சேபம் எல்லாம், என் முதுகுக்குப் பின்னால், என் குதிரைகளை, அதுவும் சோப்புக்காரனிடம் கற்றுக்கொண்டு! என்னிடம் கேட்டிருந்தால் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டேனா? மாட்டேன்தான், அது வேறு விஷயம். ஆகையால் நீ, குடும்பத்துக்கு மூத்தவள் என்ற முறையில், கடிதம் கண்டவுடன் லவீனியாவுக்கும் பிலிப்பாவுக்கும் தனித்தனியாகக் கடுமையாக எழுது. சாட்டை ஆஷ்பெல்லுடையது, அவன் போகும் வரைக்கும் அவனுடையதே என்று எழுது. முடிந்தால் நேரில் வந்து கத்து. இனி அந்த வண்டியில் நான் கால் வைக்கப்போவதில்லை, கூரையிலும் சரி, உள்ளேயும் சரி. இது உறுதி.

கடவுள் உன் இடுப்பையும் உன் மாடிப்படிக் கைப்பிடியையும் சேர்த்துக் காப்பாற்றட்டும். உன் பூனைக்கு என் விசாரிப்பு, அது என்னை ஒருபோதும் விரும்பியதில்லை என்று தெரிந்தும்.

உன்னை மட்டும் (இப்போதைக்கு) நம்புகிற,
தம்பி ஆஷ்பெல் ரென்ஷா

பின்குறிப்பு: மேலே உள்ளதைத் தபாலில் போடாமல் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தேன். இன்று புதன்கிழமை. கையுறையை அனுப்பினது நீதான் என்று ஃபின்டன் உளறிவிட்டான். உன்னோடு எனக்குப் பேச்சு இல்லை. குளிர்காலத்துக்குக் கம்பளி வைத்த ஜோடி ஒன்றும் அதே அளவில் வாங்கி அனுப்பு. நேற்று மேஜையில் சிப்பி சூப் வந்தது, யார் வைக்கச் சொன்னார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. எதற்கு விவரம், அதற்கு மேலாகச் சாட்டையை நீட்டினேன். ‘இந்தா, இனிமே உன் பாடு’ என்றேன். நுனி சூப்பில் விழுந்தது. பிலிப்பா அழுதுகொண்டே அதைத் துடைத்தாள். இன்று காலை லவீனியா ஜாம் பாட்டிலை மறுபடியும் தன் பக்கம் வைத்துக்கொண்டு, ‘சர்க்கரை ஏறினா என்னைக் கேக்காதீங்க’ என்றாள். அதனால் யாருக்கும் எதுவும் எழுதாதே, கத்த வராதே, வந்தால் சும்மா வா. பிலிப்பா தன் பக்கத்து இருக்கையில் உட்காரச் சொல்கிறாள், அதுதான் கௌரவமான இடம், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அங்கே உட்காருவேன். இன்றைக்கு மட்டும் உள்ளே மெத்தையில் உட்கார்ந்திருக்கிறேன், நாயும் நானும். இந்தப் பின்குறிப்பு முழுவதும் வண்டி ஓட ஓட எழுதினது. மேஜையில் உட்கார்ந்து எழுதின பக்கங்களைப் பக்கத்தில் வைத்துப் பார், இதில் ஓர் எழுத்தாவது கோணியிருக்கிறதா? இதோ, இந்த வரியை எழுதும்போதுதான் தூணைத் தாண்டினோம்.